சரோஜா அக்காவின் இடது கை

ஜூன் 4, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். பனி எஸ்டேட் ஆபீஸ் படிக்கட்டு வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. காலில் இரண்டு ஜோடி காலுறை. அப்படியும் குளிர்.

இன்றைய வேலை: காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்கு வந்தவர்கள் லிஸ்ட் டைப் அடிப்பது. பிரிண்ட் எடுப்பது. அம்மாவின் பிரஷர் மாத்திரை, ரிங்லெட் டவுனில் வாங்குவது. டூரிஸ்ட் வருகிற டீ சென்டரின் ஹெட்செட் மூன்றையும் சார்ஜில் போடுவது.

டைப் ஆயிற்று. பிரிண்ட் ஆகவில்லை. கறுப்பு எழுத்து அடிக்க மஞ்சள் மை வேண்டுமாம். மை போட்டால் அக்கவுண்ட் திற என்கிறது. திறந்தால் பிறந்த தேதி சொல் என்கிறது. பிரிண்டருக்கு என் பிறந்த தேதி எதற்கு? கேக் வாங்கித் தரப்போகிறதா? கடைசியில் முப்பத்தெட்டுப் பெயரையும் கையால் எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு இந்தச் சாமான்கள் பிடிக்காது என்று யாரும் நினைக்கக் கூடாது. இந்த எஸ்டேட்டில் முதலில் ஹெட்செட் வாங்கியவள் நான். ஒரு வருட போனஸ் அதில் போனது. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அதைக் கண்ணில் மாட்டினால் தெரிகிற மாய உலகத்தில் எனக்குக் கடலோரம் ஒரு வீடு உண்டு, நானே கட்டியது, ஜன்னல் ஒவ்வொன்றும் நானே செய்தது. சனிக்கிழமை மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்தால் இந்தக் குளிர் மறந்துபோகும். இவ்வளவு நல்ல சாமானை இவ்வளவு மட்டமாகப் பயன்படுத்துகிறார்களே என்றுதான் வயிறு எரிகிறது.

எரிவதற்குக் காரணம் இன்றைக்குக் கண்முன்னே வந்தது. கோலாலம்பூர் கம்பெனி ஒன்று சென்டருக்குச் செய்து கொடுத்த ‘ஒரு நாள் தேயிலைத் தொழிலாளி’ என்கிற ஹெட்செட் காட்சி. டூரிஸ்ட் ஹெட்செட்டை மாட்டினால் மலைமேல் நிற்பார். ஒரு அம்மா வந்து கொழுந்து பறிக்கச் சொல்லித் தருவார். அந்த அம்மா, எங்கள் லைன் வீடுகளில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் சரோஜா அக்கா. இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து வேலை. பிப்ரவரியில் கம்பெனிக்காரர்கள் ஆள் கேட்டபோது அக்காவைக் காட்டிக் கொடுத்தது நான். நாலு பக்கமும் கேமரா வைத்து முகம், கை, நடை, குரல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இன்று மாட்டிப் பார்த்தேன். தப்புகள்:

- அக்காவுக்கு ஜரிகைச் சேலை. நிஜத்தில் ரப்பர் பூட்ஸ், மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு.
- முதுகில் கூடை. இங்கே யார் கூடை தூக்குகிறார்கள்? கத்தரி, மெஷின், சாக்கு.
- கொழுந்தை இழுத்துப் பிய்க்கிறார். அக்கா பார்த்தால் இலைக்கு வலிக்கும் என்பார்.
- பனி இல்லை, சகதி இல்லை, அட்டைக்கடி இல்லை. நாள் முழுக்க வெயில்.
- “வெல்கம்” என்று மாண்டரின் உட்பட நாலு மொழியில் அக்கா குரல். அக்கா வாழ்க்கையில் சொல்லாத சொற்கள்.
- இடது கை.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். இடது கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஐந்து விரல்.

அக்காவுக்கு இடது கையில் மூன்று விரல்தான். நாலு வருடத்துக்கு முன் மெஷின் பிளேடில் சிக்கிய தண்டை எடுக்கப் போய் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. லைனில் எல்லாருக்கும் தெரியும். படம் எடுத்தவர்களுக்கும் தெரியும், அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி எடுத்தார்களே.

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தேன். அக்காவின் வலது மணிக்கட்டில் சுடுதண்ணீர் கொட்டிய தழும்பு ஒன்று உண்டு, பிறை மாதிரி. அதே தழும்பு இடது மணிக்கட்டிலும் இருந்தது, திசை மாறி. வலது கையைக் காப்பி எடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டியிருக்கிறான்கள். அடப் பாவிகளா.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.


ஜூன் 5, வியாழன்

மழை இல்லை. மாத்திரை வாங்கியாயிற்று.

கம்பெனியின் கெல்வினுக்குப் போன். இந்த வேலைக்கு அவன்தான் பொறுப்பு. சாஃப்ட்வேரில் வருகிற பொதுவான கை அது, எல்லாருக்கும் ஒரே கைதான் என்றான். நான் தழும்பைச் சொன்னேன். உடனே கதையை மாற்றி, வருகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், குடும்பத்தோடு வருகிறார்கள், அதனால் ‘கொஞ்சம் சுத்தம் பண்ணினோம்’ என்றான்.

சுத்தம்! ஒரு மனுஷி கையைப் பற்றி. ஒரு சின்னப் பிழையைத் திருத்தச் சொன்னால் அடுத்த அப்டேட்டில் பார்க்கலாம் என்பார்கள். யாரும் கேட்காத விரலை மட்டும் முதல் நாளே முளைக்க வைப்பார்கள்.

துரையிடம் போனேன். மேனேஜரை இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம், ஆனால் நம் தமிழ் ஆள்தான். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“விடும்மா எஸ்தர். அழகாத்தானே பண்ணிருக்கான். அந்தம்மா பாத்தா சந்தோசப்படும்லா.”

“கேக்கலியே சார் அவங்கள.”

“நீதானே சம்மத ஃபார்ம் எல்லாம் முடிச்சுக் குடுத்த? அப்புறம் என்னா?”

அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமலே போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தால் எவ்வளவு கேவலமாக இருக்கிறது.


ஜூன் 7, சனி

ஹரி ராயா ஹாஜி, பக்ரீத் லீவு. பள்ளி லீவும் சேர்ந்துகொண்டது. கியா பார்ம் சந்தையிலிருந்து டூரிஸ்ட் கார் நகரவே இல்லை. மேலே ஸ்ட்ராபெரித் தோட்டம், கீழே ரோட்டில் ஹாரன்.

என் கடலோர வீட்டுக்குப் போகலாம் என்று ஹெட்செட்டை மாட்டினேன். நாற்பது நிமிடம் அப்டேட். முடிந்தபின் என் ஜன்னல்களில் பாதி இல்லை. அந்த ஜன்னல் வகைக்கு இனி மாதச் சந்தாவாம். நான் செய்த ஜன்னலுக்கு நானே வாடகை! கழற்றிக் கட்டிலில் எறிந்தேன். பிறகு பயந்துபோய்க் கண்ணாடி கீறியிருக்கிறதா என்று பார்த்தேன். கீறவில்லை.

அதற்குள் சென்டரிலிருந்து ஆள் வந்துவிட்டது, ஒரு ஹெட்செட் வேலை செய்யவில்லை என்று. போனேன். வாசலில் சரோஜா அக்கா. ஜரிகைச் சேலையில்! சென்டர்காரர்கள் வாடகைச் சேலை கட்டிவிட்டு போட்டோவுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். ஹெட்செட்டில் பார்த்தவர்கள் வெளியே வந்து நிஜ ஆளோடு படம் எடுத்துக்கொள்ளலாமாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு குடும்பம் வெளியே வந்தது, கிள்ளான் டவுன் பக்கம் போல, நம் ஆட்கள். அதில் ஒரு பெண் அக்கா தோளில் கை போட்டாள். குனிந்தாள். அக்கா கையைப் பார்த்தாள்.

“ஐயோ, இவங்க இல்லலா! உள்ளே இருந்தவங்களுக்குக் கை நல்லாருந்துச்சு. ஆன்ட்டி, நீங்க அவங்களா, அவங்க தங்கச்சியா?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனசோடு இல்லை, அதுதான் இன்னும் மோசம். அக்கா முந்தானைக்குள் கையை விட்டுக்கொண்டார். அவர்கள் போனபின் என் பக்கம் திரும்பினார்.

“எஸ்தரு, அந்த மூஞ்சிப் பெட்டிய எனக்கு மாட்டு.”

“வேணாக்கா, இன்னிக்கு சரியா வேல செய்யல.”

“மாட்டுடி.”

மாட்டினேன். அக்கா அசையாமல் நின்றார். அக்காவின் குரலே அக்காவை வரவேற்றது. பிறகு தன் இடது கையை முகத்துக்கு நேராக மெதுவாகத் தூக்கினார். அந்த உலகத்தில் யார் மாட்டினாலும் கைக்கு ஐந்து விரல்தான் தெரியும். இல்லாத இரண்டு விரலை மடக்கப் பார்த்தார், நீட்டப் பார்த்தார். கழற்றித் தாருங்கள் என்று நான் இரண்டு தரம் சொன்னேன்.

கழற்றியபோது முகம் வெளுத்திருந்தது. “தலை சுத்துது” என்றார். சேலையோடு லைனுக்கு நடந்து போய்விட்டார்.


ஜூன் 8, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் காதில் ஏறவில்லை. காணிக்கைப் பை வந்தபோது பக்கத்துப் பெண்மணி இடித்தபின்தான் கவனித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா வந்தார். வாடகைச் சேலையை மடித்துக் கையில் வைத்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“இந்த வெரலுக்காக எத்தன நாளு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சேன். ராத்திரில இன்னும் அந்த வெரலு அரிக்குது, சொறிய வெரலு இல்ல. இவனுங்க ஒட்டி விட்டுட்டானுங்க. அப்ப எனக்கு ஒண்ணுமே நடக்கலியா? மெஷினு சும்மா பாத்துக்கிட்டு நின்னுச்சா?”

மடித்த சேலையை என் கையில் திணித்தார்.

“என் கைய எனக்குக் குடுக்கச் சொல்லு. இல்லாட்டி என் மூஞ்சிய எடுக்கச் சொல்லு. ஆமா, இதுக்கெல்லாம் நான் எங்க சைன் வச்சேன்?”

தேடிச் சொல்கிறேன் என்றேன். தேட வேண்டியதே இல்லை. தெரியும்.

லைனில் யாருக்குப் புது ஹேண்ட்போன் வந்தாலும் ஆபீஸ் கிளார்க்கான என்னிடம்தான் வரும். “கிராணி, இதுல என்னமோ கேக்குது, பாரு.” நான் பார்ப்பதில்லை. அமுக்குவேன். ஏற்கிறேன், ஏற்கிறேன், அடுத்தது, சரி, முடிந்தது. அரை நிமிடம். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்பார்கள். எத்தனை வீட்டின் சம்மதம் என் கட்டை விரலில் இருக்கிறதோ.

பிப்ரவரியில் கெல்வின் டேப்லட்டை நீட்டினான். மழை வருகிறது, கீழே இறங்க வேண்டும், சீக்கிரம் என்றான். அக்கா தேயிலைக் காட்டில் நின்றார். நான் அமுக்கினேன். கீழே கையெழுத்துக் கட்டம். அதிலும் என் விரலாலேயே ‘சரோஜா’ என்று எழுதினேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

இன்று அந்த ஃபார்மைப் படித்தேன். பதினாலு பக்கம். முகம், குரல், அசைவு. காலவரை இல்லாமல். ‘தேவைக்கேற்ப மாற்றி அமைக்கும் உரிமை’ ஒன்பதாம் பக்கத்தில். படித்திருந்தால் பத்து நிமிடம். கெல்வினைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?


ஜூன் 9, திங்கள்

பனி. எதிரே இருக்கும் ஸ்டோர் தெரியவில்லை.

கெல்வினுக்குப் போன். கையெழுத்து இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்றான்.

கையெழுத்து அக்காவுடையது இல்லை என்றால்? என்று கேட்டேன்.

“அது வேறு விஷயம்” என்றான். அப்படியானால் ஃபார்ம் செல்லாது, முழுவதையும் சென்டரிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டுமாம். “ஆனா அத யார் சொல்லுவாங்க, மிஸ்?” அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே பார்த்துக்கொண்டுதானே நின்றான்.

சொல்ல வேண்டியது நான். எஸ்டேட் கிராணி, தொழிலாளி கையெழுத்தைத் தானே போட்டாள் என்று எழுத்தில். வேலை போகும். வேலையோடு வீடும், எஸ்டேட் வீடுதானே. அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அம்மாவிடம் சொன்னேன். “வாய மூடிக்கிட்டு இரு. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துருவாங்க” என்றார். பிறகு அடுப்படிக்குப் போனார். அங்கிருந்தே, “சரோசாதான்டி நான் காட்டுக்குப் போறப்பல்லாம் உனக்குச் சோறு போட்டுச்சு” என்றார். என்னைத்தான் செய்யச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? இரண்டும்தான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். வெகு நேரம் பூட்ஸிலிருந்து சகதியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

“அப்ப அவனுங்க இல்ல. நீதான் குடுத்தியா?”

“ஆமாக்கா.”

“போ.”

வந்துவிட்டேன்.


ஜூன் 10, செவ்வாய்

தூறல். மத்தியானம் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டுக் கடிதம் எழுதினேன். எஸ்டேட்டுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. ஒரு பக்கத்துக்குள் முடிந்தது.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்க நேரமானது. உள்ளே போய், மலாயில் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ‘அவசரத்தில் தவறுதலாக நானே கையெழுத்திட்டுவிட்டேன்’ என்ற இடத்தில் அக்கா நிறுத்தினார்.

“தவறுதலா இல்ல. என்னையக் கேக்காம. அப்டி எழுது.”

மாற்றினேன். அக்கா பேனா கேட்டு வாங்கி, தன் பங்குக்கு இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். காகிதம் நகராமல் இடது கையின் மூன்று விரலால் அழுத்திக்கொண்டு.

எஸ்டேட்டுக்கு உள்ளதைத் துரையின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் வெளியே போயிருந்தார். மேலே ஸ்டேப்ளரை வைத்தேன், பறக்காமல் இருக்க.

கம்பெனிக்கு உள்ளதை அவர்களுடைய இணையப் புகார் பக்கத்தில்தான் ஏற்ற வேண்டுமாம், மெயிலில் எடுக்க மாட்டார்களாம். மறுபடி அக்கா வீட்டுக்குப் போய், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, என் போனில் திறந்தேன். பெயர், ஐசி அடையாள அட்டை நம்பர், கடிதத்தின் படம். எல்லாம் ஏறியது. கடைசியில் ஒரு கட்டம்: ‘விதிமுறைகளைப் படித்தேன், ஏற்கிறேன்.’

என் கட்டை விரல் தானாகப் போனது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று விரல்தான், ஆனால் நல்ல பிடி.

“படி மொதல்ல.”

“இது சும்மாக்கா, எல்லாத்துலயும் வரும்.”

“சத்தமாப் படி.”

ஆறு பக்கம். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.