அப்பா திறந்த போத்தல்

அப்டன் பார்க்,
இலண்டன்.
8.4.1993

அன்புள்ள மகன் வாசுதேவனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சுகம், என் முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. மெல்பேர்னில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நவோமியைத்தான் கட்டுவேன் என்று நீ எழுதி நாலு மாதமாகிறது, நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை, அதுவும் தெரியும். இந்தத் திங்கட்கிழமை அவளுடைய தாய் தகப்பன் எங்களைத் தங்கள் யூதப் பண்டிகையான பாஸ்ஓவர் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். அடிமைகளாக இருந்த முன்னோர் தப்பி ஓடிய கதையை வாசித்து, நாலு தரம் வைன் குடிக்கிற பண்டிகையாம். தப்பி ஓடிய கதை எங்களுக்கு விளங்காததா, போவோம் என்றார் அப்பா.

வெறுங்கையோடு போக ஏலாது என்று மனிசன் வைன் தேடப் புறப்பட்டார். அவர்களுடைய சமய முறைப்படி செய்த கோஷர் வைனாக இருக்க வேண்டும். தன் தகப்பன் வருசாவருசம் அந்த இனிப்பு வைனைக் கடமைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறவர் என்று நவோமி அங்கிருந்து போனில் சொன்னது உன் அப்பாவுக்குப் போதும். முதலில் ஒரு போத்தல் வாங்கிவந்து ருசி பார்த்தார், நானும் நாக்கில் வைத்தேன், அசல் இருமல் மருந்து. பிறகு ரயில் மாறி மாறி கோல்டர்ஸ் கிறீன் வரை போனார். அங்கே கடைக்காரர் இனிப்பில்லாத சிவப்பு வைன் இரண்டு வகை காட்டினாராம். காய்ச்சிச் செய்ததை யாரும் திறக்கலாம், காய்ச்சாததை யூதர்தான் திறந்து வார்க்க வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். இவர் காதில் விழுந்தது காய்ச்சாதது ருசி என்பது மட்டும்தான், அதையே வாங்கிவந்தார்.

விருந்தில் நவோமியின் பெரியப்பாவும் இருந்தார், சமய ஆசாரத்தில் கண்டிப்பானவர். எங்கள் பக்கத்தில் சம்பந்திக்கு நம் கையால் பரிமாறுவதுதானே மரியாதை, அந்த நினைப்பில் அப்பா எழும்பி, தான் கொண்டுபோன போத்தலைத் திறந்து எல்லாருடைய கோப்பையிலும் வார்த்துவிட்டார். பெரியப்பா போத்தலைத் திருப்பிப் படித்துவிட்டுத் தன் கோப்பையை மெல்ல ஓரமாக வைத்தார். கோபிக்கவில்லை, ஏன் தன்னால் குடிக்க முடியாது என்று தன்மையாகத்தான் சொன்னார். குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் விசாவுக்குக் காத்திருந்த நாளில்கூட அப்பாவுக்கு அப்படி வேர்த்ததில்லை. இந்தச் சம்பந்தம் இதோடு சரி என்று நினைத்தேன், வேண்டாம் வேண்டாம் என்று நின்றவளுக்கே அந்த நேரம் நெஞ்சு பகீரென்றது.

பெரியப்பாவில் எனக்கு ஒரு துளி கோபம் வரவில்லையடா. இந்தத் தைப்பொங்கலுக்கு நீங்கள் வந்து நின்றபோது நவோமி ஆசையாகப் பானையைத் தூக்க வந்தாள், படைக்க முதல் நீ தொடாதே என்று நான் தடுத்தேன். அவராவது தன்மையாகச் சொன்னார், நான் அதைக்கூடச் செய்யவில்லை. பிள்ளை கையை இழுத்துக்கொண்டு சிரித்தது. அது நினைவு வந்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது நவோமியின் தகப்பன் தன் கோப்பையை எடுத்தார். முப்பது வருசமாக இந்த நாளில் ஒரு நல்ல வைனுக்குக் காத்திருக்கிறேன், வார்த்தவர் அந்நியரும் இல்லை, என் மகளுக்கு மாமா என்று தமையனிடம் சொல்லிவிட்டு, முழுதையும் குடித்து, இன்னும் ஊற்றுங்கள் என்று அப்பாவிடம் கோப்பையை நீட்டினார். பெரியப்பா தனக்கு வேறு போத்தல் திறந்துகொண்டு, அப்பாவைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

குளிர் தொடங்கப் போகிறது, சுவெட்டர் இல்லாமல் வெளியே திரியாதே. பொங்கலன்று நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டதாக நவோமியிடம் சொல்லு, அவள் நேரில் வரும்போது நானும் சொல்வேன். அம்பாள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஒன்று மறக்காதே. நவோமியிடம் கேட்டு, அவளுக்கு அளவான சட்டை ஒன்றைத் தபாலில் அனுப்பு. கூறைச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும்.

உங்கள் இருவருக்கும் அம்மா,
பாலாம்பிகை