பதிமூன்று பின் பிளக்

மார்ச் 4, செவ்வாய்

கடைசியாக வந்த பெரிய கறுப்பு நாய் உடம்பை உதறியதில் நானும் அதோடு சேர்ந்து குளித்தேன். நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிறவள் ஈரமில்லாமல் வீடு திரும்ப ஆசைப்படுவது பேராசைதான்.

கிளம்பும் முன் வழக்கமான விளக்குச் சோதனை. தம்பி வேனில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பான். நான், வேன் இழுத்துவரும் எங்கள் நாய்க் குளியல் டிரெய்லருக்குப் பின்னால் நின்று "எரியுது" என்று கத்துவேன். தொழில் ஆரம்பித்த நாள் முதல் அவன் ஓட்டுகிறான், நான் நாய்களைப் பார்க்கிறேன்.

வழியில் சொன்னான்: வேனை மாற்றப் போகிறானாம். வரப்போகும் வண்டியில், டிரெய்லருக்கு மின்சாரம் கொடுப்பது பதிமூன்று பின் சாக்கெட். எங்கள் டிரெய்லரில் இருப்பதோ பழைய ஏழு பின் பிளக். "நீயே மாத்திடேன் அக்கா. உன் கை பட்டா சுத்தமா இருக்கும்" என்றான். ஐஸ் வைக்கிறான் என்று தெரிந்தும் உருகிவிட்டேன்.

மார்ச் 8, சனி

எலக்ட்ரிகல் கடை. ஏழு பின்னில் விளக்குகள் மட்டும்தான் வேலை செய்யும். பதிமூன்று என்றால் ரிவர்ஸ் விளக்கும் உண்டு, வண்டி ஓடும்போதே டிரெய்லர் பேட்டரிக்கு சார்ஜும் ஏறும். எனக்கு அது ஒன்று போதும். பேட்டரி படுத்துவிட, தண்ணீர் மோட்டார் நின்று, சோப்பு நுரையோடு நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் திருதிருவென்று விழித்த நாட்கள் கொஞ்சமா?

கடைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று. இழுக்கப்போகும் வண்டியின் சாக்கெட்டைப் பார்த்தீர்களா? இல்லை, தம்பி சொன்னான் என்றேன்.

"இழுக்கிற வண்டியைப் பார்க்காம பிளக் வாங்காதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இது" என்றார். சாக்கெட்டில் ஓட்டை பதிமூன்று இருந்தாலும், சார்ஜ் கம்பியை உள்ளே இணைக்காமல் விட்டிருப்பார்களாம். தம்பிக்கு போன் போட்டேன். எல்லாம் இருக்கிறது, தைரியமாக வாங்கு என்றான். வாங்கிவிட்டேன். புது வண்டி வரும்வரை பழைய வேனில் மாட்ட ஒரு அடாப்டரும்.

அவன் சொன்ன பிறகு நான் போய்ப் பார்ப்பதா? நன்றாக இருக்கிறதே.

மார்ச் 9, ஞாயிறு

பழைய பிளக்கையும் கேபிளையும் கழற்றிப் புதியதைப் போட்டேன். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், வெள்ளை எர்த். ஒவ்வொரு கம்பியின் நுனியையும் சீவி, முறுக்கி, அதனதன் ஓட்டையில் விட்டு ஸ்குரூவை முடுக்க வேண்டும். எறும்புத் தலை மாதிரி ஸ்குரூ. தம்பி வரவில்லை, ஏதோ வேலையாம்.

மணிக்கட்டு விண் விண் என்கிறது. பெரிய நாய்களைத் தூக்கித் தூக்கி வந்த வலி. இது அவனுக்கு மட்டும்தான் தெரியும். வாடிக்கைக்காரர்கள் காதுக்குப் போனால் வேறு இடம் தேடிவிடுவார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

புது வண்டி எப்போது வரும் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

மார்ச் 22, சனி

எழுதிவிட வேண்டும்.

காலையில் கடைத்தெரு பெட் ஷாப்காரர் தன் புது ஜீப்பில் வந்தார். டிரெய்லர் வீட்டுப் பக்கவாட்டில் நின்றது. "பிளக் பொருந்துதான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே ஜீப்பைப் பின்னால் எடுத்தார், பிளக்கை சாக்கெட்டில் வைத்துத் திருகினார். அச்சாகப் பொருந்தியது. எல்லா விளக்கும் எரிந்தன. எவ்வளவு சுத்தமான வேலை என்று மெச்சினார்.

பிறகு, "மணிக்கட்டு எப்படி இருக்கு? இத்தனை வருஷம் ஓடியாச்சு, இனி ரெஸ்ட் எடுங்க. அடுத்த மாசத்துலேருந்து உங்க தம்பியும் எங்க ஆளும் பார்த்துப்பாங்க" என்றார்.

டிரெய்லர் என் பெயரில் இருக்கிறது, நான் தொழிலை விடுவதாக யாரிடமும் சொல்லவில்லை என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. அக்கா சம்மதித்துவிட்டாள் என்று தம்பி சொன்னானாம். பிளக்கைப் பதமாகக் கழற்றித் தொங்கவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எப்படிடா மனசு வந்துச்சு உனக்கு? என் வலியை உன்கிட்ட மட்டும்தானடா சொன்னேன். அதையே எடுத்து என்னை வெளிய தள்ளிட்டியே. அதுவும் என் கையாலயே பிளக் போட வெச்சு —

பின்னால் நிற்கிறவளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் முகம் தெரிவதில்லை. இத்தனை வருஷம் எனக்கு அது உறைக்கவே இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

வந்தான். உட்காரச் சொல்லவில்லை. எல்லாம் என் நல்லதுக்காம். முன்பே சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேனாம், முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தானாம். பெட் ஷாப்பில் அவனுக்குப் பங்குதாரர் இடம். எனக்கு ரெஸ்ட்.

"புது வண்டி வாங்கறேன்னு சொன்னியே?"

"மாத்தறேன்னுதான் சொன்னேன் அக்கா. ஜீப்பும் புதுசுதானே."

கதவைக் காட்டினேன். வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாலையில் அம்மா போனில், சின்னப் பையன், ஏதோ தெரியாமல் செய்துவிட்டான் என்றாள். நாற்பதைத் தாண்டிய சின்னப் பையன்.

மார்ச் 24, திங்கள்

வயர் கட்டரோடு போய் டிரெய்லர் முன்னால் உட்கார்ந்தேன். ஒரே வெட்டு, தீர்ந்தது என்று நினைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒவ்வொரு கம்பியும் பிசிறு இல்லாமல் நிற்கிறது. பொய் சொன்னது அவன். பிளக் என்ன செய்யும்? மூடிவிட்டு, உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கறுப்பு நாயின் சொந்தக்காரம்மா பஸ் ஓட்டுகிறவர். தன் பழைய வேனை எனக்கே கொடுப்பதாகச் சொன்னார். இன்ஜினைக்கூட அப்புறம்தான் பார்த்தேன். முதலில் முழங்காலிட்டு, டார்ச் அடித்து, சாக்கெட்டைப் பார்த்தேன். ஏழு பின்! சிரித்துவிட்டேன். அடாப்டர்தான் இருக்கிறதே. ஓடும்போது சார்ஜ் ஏறாது, வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பழையபடி அளந்துதான் தண்ணீர்.

ஏப்ரல் 20, ஞாயிறு

லாரி நிறுத்தும் மைதானத்தில் ரிவர்ஸ் பழகினேன். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகிறது. பஸ்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இப்படி வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாகிவிட்டது.

மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறேன். கேட்கிறவர்களிடம் எல்லாம் நானே சொல்லிவிடுகிறேன், வலி என்று. பெரிய நாயைச் சொந்தக்காரர்தான் தூக்கி மேசையில் விட வேண்டும் என்றும். இதுவரை யாரும் வேறு இடம் தேடவில்லை.

மே 10, சனி

நாளை தனியாக முதல் பயணம். மாலையில் வேனை மாட்டி, அடாப்டரைப் போட்டு, பிளக்கைத் திருகினேன். விளக்குச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டுமே என்று அப்போதுதான் உறைத்தது. தோட்டத்துச் செங்கல் ஒன்றை எடுத்துவந்து பிரேக் மேல் வைத்து, அசையாமல் முட்டுக்கொடுத்தேன். பின்னால் போனேன். சிவப்பு, இரண்டு பக்கமும்.

"எரியுது" என்று கத்திவிட்டேன். பழக்கதோஷம்.

வேனுக்குத் திரும்பினால் போனில் தம்பியின் செய்தி. அம்மா சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்குக் கிளம்பறியாமே அக்கா. பிரேக் மிதிக்க நான் வரட்டுமா?"

திரும்பத் திரும்பப் படித்தேன்.

"வேண்டாம்டா, செங்கல் இருக்கு" என்று அனுப்பினேன். பிறகு செங்கலை எடுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன், நாளைக்கும் வேண்டுமே.