பட்டியல் வாசிக்கும் பேய்

செவ்வாய், அக்டோபர் 14

காலையில் தூறல். பிரஷர் மாத்திரை 8.10. இந்த ஊர்க் கவுன்சிலில் இருந்து வாக்காளர் பதிவுப் படிவம். சுமதி தன் பெயரையும் மருமகன் பெயரையும் எழுதிவிட்டாள். என் இடம் வழமைபோல் வெறுமை.

"இந்த முறையும் பேர் போடேல்லையே? வோட்டுப் போட்டா ஆரும் பிடிச்சுக்கொண்டு போவினமே அப்பா?"

மழுப்பினேன்.

மதியம் ரீவியில் புதிதாக ஒரு பேய்த் தொடர். எபிசோட் 1, 2. இந்த வயதில் எனக்கு இது தேவையா, தெரியவில்லை. துறைமுகப் பட்டினம், பழைய வீடு, கரீபியன் தாதி ஒருத்தி குடிவருகிறாள். பேய் ஒரு எழுதுவினைஞன், அந்தக் காலத்துக் கிளாக்கர். இரத்தம் இல்லை, கோரப்பல் இல்லை. சுத்தமான சட்டைக்கை. அடிமைக் கப்பலில் ஏற்றியவர்களின் பெயர்களை நிதானமாக வாசிக்கிறான், அவ்வளவுதான். எடுத்தவர்கள் கெட்டிக்காரர்.

புதன்

வெயில். உடுப்புத் தோய்த்தது. பால், வெங்காயம், முத்திரை.

எபி. 3 முதல் 5 வரை. பேய் யாரையும் தொடுவதில்லை. "நான் ஒழுங்காக எழுதினேன், வேறொன்றும் செய்யவில்லை" என்கிறது. அந்த இடத்தில் நிற்பாட்டினேன். கொழும்பில் நானும் எழுதுவினைஞன்தானே.

சுமதி எட்டிப் பார்த்தாள். "பூனை பாய்ஞ்சாலே துள்ளுற ஆள், பேய்ப்படம் பாக்கிறார்!"

வியாழன்

காற்று. மாத்திரை மறந்துபோயிற்று.

கடைசி எபி. தாதி ஓடவில்லை. எதிரே கதிரை போட்டு இருந்து, "உன் பெயர் எங்கே?" என்று கேட்கிறாள். பேய் பட்டியல் முழுவதும் தேடுகிறது. இல்லை. இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

சுமதி ரீ கொண்டுவந்தாள். படிவம் இன்றைக்கே போகவேண்டுமாம். என் பெயரை ஏன் போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணை வேலை தேடிக் கொழும்புக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தது. படிவத்தில் ஒருவரையும் விடக்கூடாதென்று அவர் பெயரையும் நானே எழுதியது. தமிழரை அடித்த கலவரத்தன்று காடையர் வாக்காளர் பட்டியலோடு வந்து பெயர் பெயராகக் கூப்பிட்டது. நான் கந்தோரில், வேலையில். வீட்டில் அண்ணை மட்டும்.

"பெரியப்பா பஸ் அக்சிடெண்டில செத்தவர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"பொய் பிள்ளை."

படிவத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அவங்கட கையில இருந்தது நீங்கள் எழுதினதோ?"

"இல்லை. அதைப் பார்த்து அச்சடிச்சது."

படிவத்தை ஒருபக்கம் தள்ளி வைத்தாள்.

"பெரியப்பான்ர முழுப் பேர் என்ன?"

சொன்னேன். இன்னொருக்கால் சொல்லச் சொன்னாள்.