கையெழுத்து வாங்காத வீடு

இன்று காலை பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரை கேட்டேன். கடைக்காரர் இரண்டு அட்டைகளை எடுத்துப் போட்டு, "மாஷிமா, ஷொஸ்தாட்டா தேபோ?" என்றார். மலிவானதைத் தரட்டுமா என்று, கத்தரிக்காய் சின்னதா பெரியதா என்பதுபோல அத்தனை சாதாரணமாகக் கேட்டுவிட்டார். உன் ஞாபகம் வந்துவிட்டது. மாத்திரை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

ஜாதவ்பூரில் நீ முதல் மாடி, நான் மூன்றாம் மாடி. நீ அம்பாசமுத்திரம், நான் கடையம். அந்தக் கட்டடத்தில் தமிழில் சண்டை போட நமக்கு வேறு ஆள் கிடையாது. உன் வீட்டுக்காரரின் கம்பெனி மூடிய மறுவருஷம் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அதற்கான மாத்திரையை விற்கும் உரிமை அப்போது ஒரே வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருந்தது. நம் நாட்டில் செய்த மலிவு மாத்திரை கோர்ட்டுத் தடையால் கடைகளில் கிடைக்காமல் போனது. தகுதி பார்த்துச் சிலருக்கு அந்தக் கம்பெனியே இலவசமாகக் கொடுத்தது. உனக்குக் கிடைத்தது. மாதாமாதம் காலி அட்டைகளை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துப் புதியவற்றை வாங்கி வருவாய்.

பேட்டண்ட் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், இனி எந்தப் புது மருந்தும் மலிவாக வராது என்றதும், பல்கலைக்கழக வாசலில் துண்டறிக்கை கொடுத்தவர்களோடு நானும் சேர்ந்துகொண்டேன். சும்மா இருக்கத் தெரியாத பிறவி என்று நீயே சொல்வாயே. வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினேன். உன் கதவை மட்டும் தாண்டிப் போனேன். மனுவில் உன் பேரைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டால்? அப்படி நிறுத்துவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு நானே பயந்துகொண்டேன்.

மறுநாள் மாடியேறி வந்து மூச்சு வாங்க நின்றாய்.

"ஏட்டி, தெருவெல்லாம் போனியாமே. என் வீட்ல என்ன பேயா இருக்கு?"

"ஒனக்குத்தான் மாத்திரை வருதுல்லா. எதுக்கு வம்பு?"

"எனக்கு வருது. ஆஸ்பத்திரிக்கு கார்டன் ரீச்லேர்ந்து ஒரு அக்கா வருதாளே, அந்த தீதி, அவளுக்குக் கிடையாதுன்னுட்டாவ. அவ மூஞ்சிய நான் எப்படிட்டி பாக்கது? தாளக் கொண்டா."

தாளோடு போய், ஆஸ்பத்திரி வரிசையிலேயே பதினெட்டுப் பேரிடம் வாங்கி வந்தாய். முதல் பேர் உன்னுடையது. கடைசியில் அந்தத் தீதியின் பேர், வங்காளத்தில், கோணல்மாணலாக.

தில்லிக்கு அனுப்ப மனுவைக் கட்டியபோது அந்தத் தாளை மட்டும் உருவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். உன் பேரை மட்டும் அடித்திருக்கலாம். அந்தப் புத்திகூட வரவில்லை. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்ற மிதப்பில் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

சட்டத்தை நிறைவேற்றிவிட்டார்கள். ஆனால் அடுத்த வருஷம், உன் மாத்திரைக்குக் காப்புரிமை கிடையாது என்று சென்னை பேட்டண்ட் ஆபீஸில் முடிவு சொன்னார்கள். நீ சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தாய். "நம்ம கையெழுத்துக்கும் மதிப்பு இருக்கு, பாத்தியா" என்று ஒன்றை என் வாயில் திணித்தாய். மனு போன இடம் வேறு, இந்த முடிவு வந்த இடம் வேறு என்று நான் விளக்கவில்லை. மென்றுகொண்டே, பேச்சை மாற்ற, தீதிக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

"அவ எங்கட்டி இருக்கா. போன மழையோட போயிட்டா. பேராவது போய்ச் சேந்துச்சே."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் சந்தேஷ் இருந்தது என்று இன்றுவரை எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் அந்த மாத்திரை உன்னைப் பல வருஷம் நடமாட வைத்தது. கடைசியில் நீ போனது வேறொரு காய்ச்சலில். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் வைதிருப்பாய், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாய், ஐந்தாம் நாள் வந்திருப்பாய்.

உன்னோடு அப்படித் தீர்ந்திருக்கும். அந்தத் தீதியை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் பேர் எங்கும் போய்ச் சேரவில்லை. என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.