காரணம் எழுதும் கட்டம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் அண்ணியும் உன் மகளும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். உனக்கு என்றைக்கு என்ன குறை வந்தது?

உன் கடிதம் கிடைத்தது. பெண் பத்தாவது முடித்தது போதும், நான் போய் டி.சி. வாங்கிவிட வேண்டும், இரண்டு வருஷம் தன் அம்மாவோடு இருந்து வீட்டு வேலை பழகட்டும், அதற்குள் நல்ல இடமாகப் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். அரைநாள் லீவு போட்டுப் போய் வாங்கிவிட்டேன். உன் பேச்சை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்? கணக்கில் அவள் தொண்ணூற்றேழு. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

பள்ளி ஆபீஸில் ஒரு சிக்கலும் இல்லை. அவளை ஒன்றாவதில் சேர்த்தபோது நீ வேலைக்குப் போன இடத்திலிருந்து அனுப்பிய கடிதம் இன்னும் ஃபைலில் இருக்கிறது. ஒவ்வொரு படிவத்தையும் தபாலில் அனுப்பி உயிரை வாங்குகிறார்கள் என்று அலுத்துக்கொண்டு, அண்ணிக்கு இதெல்லாம் விவரம் போதாது என்று நீயே முடிவும் செய்து, "என் மகளின் படிப்பு சம்பந்தமான எல்லாவற்றுக்கும் என் தங்கை கையெழுத்திடலாம்" என்று எழுதினாயே, அதுதான். சோம்பேறித்தனத்தில் நீ எழுதிய அந்த ஒரு வரிக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

கிளார்க் அம்மா படிவத்தை நீட்டினார். பெயர், வகுப்பு, பிறந்த தேதி. அதற்குக் கீழே, பள்ளியை விட்டு விலகும் காரணம். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அண்ணா? அப்பா வெளியூர் வேலையில் இருந்தார், அம்மா படுத்த படுக்கை. உனக்குப் பதினெட்டு. "ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு கையெழுத்துப் போடணும், வா" என்று என்னை இதே பள்ளிக்கு அழைத்துப் போனாய். நானும் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றேன். திரும்பும் வழியில் நான் கேட்காமலே ஒரு மைப்பேனா வாங்கிக் கொடுத்தாய். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்தேன். பள்ளி திறந்த அன்று வருகைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. கேட்டதற்குக் காட்டினார்கள். உன் கையெழுத்து. காரணம்: மேற்கொண்டு படிக்க விருப்பமில்லை.

அம்மாவைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கலாம். அண்ணன் கல்லூரிக்குப் போகிறான், வீட்டுக்கு ஒருத்தர் படித்தால் போதும் என்று எழுதியிருக்கலாம். பாழாய்ப்போன மனசு அதையாவது தாங்கியிருக்கும். எனக்கு விருப்பமில்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

பம்ப் கம்பெனியில் கடைசலில் விழும் இரும்புச் சுருளைக் கூட்டிப் பெருக்குகிறவளாகச் சேர்ந்து இன்று செக்கிங்கில் இருக்கிறேன். ஒரு பாகம் மயிரிழை கூடியிருந்தாலும் விரல் வைத்தே சொல்லிவிடுவேன், அளந்து பார்த்தால் நான் சொன்னதே சரியாக இருக்கும். என்னிடம் வேலை கற்ற மூன்று பேர் எனக்கே சூப்பர்வைசராக வந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் முதலாளி சொல்வது ஒன்றுதான்: "என்னம்மா பண்றது, உங்ககிட்ட டிப்ளமா இல்லையே." ஒவ்வொரு தடவையும் அங்கே நிற்கிறவர் எனக்கு முதலாளியாகத் தெரிவதில்லை. நீதான் தெரிகிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காரணம் என்ற கட்டத்தில் நான் "மேற்படிப்பு" என்று எழுதினேன். நீ வாங்கிக் கொடுத்த அதே பேனாவால். நிப்பு மட்டும் மூன்று தடவை மாற்றியாயிற்று. அந்த டி.சி.யையும் உன் அந்தப் பழைய கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு, அன்று மதியமே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் உன் மகளைச் சேர்த்துவிட்டேன். டி.சி. வாங்கச் சொன்னாய், வாங்கிவிட்டேன். வாங்கி என்ன செய்ய வேண்டும் என்று நீ தெளிவாக எழுதியிருக்க வேண்டும். என் வீட்டிலிருந்துதான் போய் வருகிறாள். முதல் வாரமே பட்டறையில் விரலில் ஒரு வெட்டு, முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணிக்கு எதுவும் தெரியாது, அவரைத் திட்டாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதுன்னு எழுதாதீங்க. பெட்டியை அடுக்கிக் கொடுத்ததே நான்தான்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். இருபது வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். உடனே ஒரு கடிதம் எழுதி என் கையெழுத்து செல்லாது என்று சொல்லலாம். உனக்கு அதிகாரம் இருக்கிறது. எழுதுவதற்கு முன் இதோடு வைத்திருக்கும் நகலைப் பார். அன்று நீ நிரப்பிய படிவம்தான். கிளார்க் அம்மா பழைய காகிதக் கட்டுகளிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். உன் மகளுக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு, "அப்பாவா எழுதினாரு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.  பதிலை நீயே வந்து சொல்லிக்கொள்.

லீவில் வரும்போது அவள் பட்டறைக்குப் போ. வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பெயர், உறவு, வந்த காரணம் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் இந்தத் தடவையாவது உண்மையை எழுது, அண்ணா.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அவள் டிப்ளமா வாங்குவதை, என் கம்பெனிக்கே எனக்குச் சூப்பர்வைசராக வருவதை நீ உன் இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். அதுவரை உனக்கு ஒரு காய்ச்சல்கூட வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேற்கொண்டு படிக்க விருப்பமில்லாத
உன் தங்கை