சின்னதா ஒரு வைரஸ் போதும்

மார்ச் 4, செவ்வாய்

கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்று இன்றைக்கு அண்ணன் மகள் குருவியைக் கூப்பிட்டேன். சாமி பாட்டு போட்டால் ஊமையாக ஓடுகிறது என்றேன். பொய் இல்லை, ஊமையாகத்தான் ஓடியது. ஊமையாக்கியது யார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"சரி, நம்பரைச் சொல்லு அத்தை."

திரையில் வந்த நம்பரைப் படித்துச் சொன்னேன். 'அனுமதி' என்பதை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். கடலுக்கு அந்தப் பக்கம் அவள் கையை அசைக்கிறாள், இங்கே என் மேஜையில் அது அசைகிறது.

குருவியின் அம்பு எங்கேயும் நேராகப் போகாது. யோசிக்கும்போது நின்ற இடத்திலேயே சுற்றும். டக்கென்று தாவும், திரும்பி வரும், எதையாவது ஒரு கொத்து கொத்தும். சின்ன வயசில் தட்டில் சாப்பாட்டையும் அப்படித்தான் கொத்துவாள். குருவி என்று நான் பெயர் வைத்ததே அதனால்தான். அண்ணனும் அண்ணியும் போன பிறகு அந்தத் தட்டுக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பேன்!

"சவுண்டு பூஜ்யத்துல இருக்கு அத்தை. அவ்ளோதான்."

"அப்படியா! தானா குறைஞ்சிருக்குமோ?"

"தானால்லாம் குறையாது."

"பூனை கீனை மிதிச்சிருக்கும்."

"உன் வீட்ல ஏது பூனை?"

பேச்சை மாற்றிவிட்டேன். சளி பிடித்திருக்கிறதாம். குரலே சொல்கிறது. ஆவி பிடிக்கச் சொன்னேன். பிடிக்க மாட்டாள்.

மார்ச் 6, வியாழன்

கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. அதுதான் கவலையாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாகிவிட்டது (ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்). அம்பு வந்தது. ஆனால் ஒரு கொத்தில் சரிசெய்துவிட்டுக் கிளம்பப் பார்த்தது. வேலை கழுத்தை நெரிக்கிறதாம். அவளுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எத்தனை பேருக்குத்தான் அவள் பார்ப்பாள்?

போகும்போது சொன்னாள்: "அத்தை, நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு வாங்கிப் போட்டுடறேன். அப்புறம் ஒரு பிரச்சனையும் வராது. நான் வர வேண்டிய அவசியமே இருக்காது."

வர வேண்டிய அவசியமே இருக்காதாம்! எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறாள் பார். நான் போனை வைத்துவிட்டுத் துணி மடித்தேன். மடித்த துணியையே திரும்ப மடித்தேன்.

மார்ச் 12, புதன்

சலவைக்கடையில் இன்று மூட்டை அதிகம். என் வேலை பிரிக்கிறது, துணிக்குத் துணி நம்பர் குத்துகிறது, பாக்கெட்டைத் துழாவுகிறது. ஒரு கோட்டில் பாதி மிட்டாய், ஒரு சட்டையில் காது மெஷின். பாக்கெட்டைப் பார்க்காமல் மெஷினில் போட்டால் ஒரே ஒரு பேனா போதும், மொத்தத் துணியும் நீலமாகிவிடும்.

இஸ்திரிக்காரரிடம் பேச்சு கொடுத்தேன். அவர் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது.

"ஆன்டிவைரஸ்னு ஒண்ணு அவசியம் வேணுமாப்பா வீட்டுக்கு?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! நான் மூணு போட்டிருக்கேன். ஒண்ணு கண்ணசந்தா இன்னொண்ணு பாத்துக்கும்ல?"

"நல்லா ஓடுதா?"

"ஓடுது. பட்டனை அமுக்கிட்டுக் குளிச்சிட்டு வந்தா சரியா இருக்கும். ஒண்ணு இன்னொண்ணைத் திருடன்னு பிடிக்குது, அது இதைப் பிடிக்குது. மூணு மாமியார் இருக்கற வீடு மாதிரி இருக்குன்னு எங்க வீட்டுக்காரி சொல்றா."

சிரித்துச் சிரித்து ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். கம்ப்யூட்டர் கூடவே ஒரு காவல் வருகிறதாம், வீட்டுக்கு அதுவே போதும் என்று அவர் மச்சான் சொல்கிறானாம். "நான் நம்பலக்கா" என்றார். நான் நம்பினேன். எனக்கு அது தேவைப்பட்டது.

மார்ச் 16, ஞாயிறு

குருவிக்கும் எனக்கும் வாக்குவாதம். மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. எழுதினாலாவது ஆறுமா?

அவள் அந்த ஆன்டிவைரஸைப் போடத் தயாராக வந்தாள். நான் விடவில்லை. "வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் எதுக்குடி? நான் என்ன பேங்க்கா நடத்தறேன்? பாட்டு கேக்கறேன், கரண்ட் பில் கட்டறேன், உன் மூஞ்சியைப் பாக்கறேன். கூடவே வர்ற காவல் போதுமாம்."

"போதும்தான் அத்தை. அதை நீ அப்டேட் பண்ண விட்டாப் போதும். அது கேக்கும்போதெல்லாம் 'அப்புறம் பார்க்கலாம்'னு அமுக்கிடறியே!"

"இனிமே அமுக்க மாட்டேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே. இது உனக்காக இல்ல, எனக்காகப் போடறேன்."

எனக்காகவாம்! அதாவது அவளுக்கு என் தொல்லை விட்டால் போதும். அப்படித்தானே அர்த்தம்? வேறென்ன அர்த்தம்? நான் முடியாது என்றால் முடியாதுதான் என்றேன். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "சரி, உன் இஷ்டம். இந்த வாரம் எனக்குத் தலைக்கு மேல வேலை. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பிடாத" என்றாள். அம்பு ஒரு மூலைக்குப் போய் நின்றது. அப்புறம் அது என் அம்பாகிவிட்டது. நான் தொட்டால்தான் நகரும்.

மார்ச் 18, செவ்வாய்

விளக்கேற்றிக் கும்பிடும்போது வாய் தவறிக் கேட்டுவிட்டேன். சாமி, பெரிசா வேண்டாம். சின்னதா ஒரு வைரஸ் போதும். சத்தத்தைக் குறைப்பது, எழுத்தைப் பெருக்குவது எல்லாம் சின்ன விஷயமாகிவிட்டது. சின்ன விஷயத்துக்குக் கூப்பிடக் கூடாதாம். அவள் கூப்பிடச் சொல்கிற அளவுக்கு ஒன்று, அவள் வந்து கொத்தி எடுக்கிற அளவுக்கு ஒன்று கொடு.

ஊரில் எல்லாரும் நோய் போகணும் என்று வேண்டுவார்கள். எனக்கு வந்த வேண்டுதலைப் பார்.

மார்ச் 20, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

வேலை முடிந்து வந்து ஒரு பாட்டைத் தேடினேன். எதையோ அமுக்கினேன். திரை முழுக்கச் சிவப்பு! கூவென்று ஒரு சத்தம், பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். உங்கள் கம்ப்யூட்டரை வைரஸ் தாக்கிவிட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த நம்பரில் கூப்பிடுங்கள் என்று எழுத்து. கேட்டேன், கொடுத்துட்டான் பாவி சாமி!

குருவியைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். சின்ன விஷயத்துக்குக் கூப்பிடாதே என்றாளே. இது சின்னதா பெரிசா? எனக்கெப்படித் தெரியும்? அந்த நம்பரையே போட்டேன்.

தேன் மாதிரி ஒரு குரல். "பயப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன். சாப்பிட்டீங்களா?" என்றான். என்னை யாராவது சாப்பிட்டீங்களா என்று கேட்டு நாளாயிற்று. ஏதோ ஒன்றை இறக்கச் சொன்னான், இறக்கினேன். நம்பரைச் சொல்லச் சொன்னான், சொன்னேன். 'அனுமதி'யை அமுக்கச் சொன்னான், அமுக்கினேன். குருவிக்குச் செய்வதெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன்.

அம்பு நகர்ந்தது. துணியில் கத்தரி போகிற மாதிரி நேராகப் போனது. திரையில் வைத்திருக்கிற படத்தில் என் அண்ணன் சிரித்துக்கொண்டிருக்கிறான், அவன் முகத்துக்குக் குறுக்கே போனது. பேங்க் பக்கத்தைத் திறந்தது. "பாஸ்வேர்டை அடிங்கம்மா, வைரஸ் உள்ள போயிருக்கான்னு பாத்துடலாம்" என்றான். நான் பட்டனில் விரலை வைத்துவிட்டேன். முதல் எழுத்தை அடித்தும் விட்டேன்.

அம்பு சும்மா நின்றது. சுற்றவில்லை, தாவவில்லை. நான் எப்போது அடிப்பேன் என்று பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது. எம் புள்ளையோட அம்பு இப்படி நிக்காது.

"யார்றா நீ?" என்றேன்.

"அம்மா, அடிங்கம்மா, டைம் ஆகுது, அடி..."

மேஜைக்குக் கீழே குனிந்து வயரைப் பிடித்து இழுத்தேன். பிளக்கோடு வந்துவிட்டது. போனில் அவன் கத்திக்கொண்டே இருந்தான். அதையும் அணைத்தேன். பிளக்கைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன்.

எத்தனை காவல் போட்டு என்ன? கதவைத் திறந்து வாங்க தம்பின்னு கூப்பிட்டது நான்தானே.

மார்ச் 21, வெள்ளி

சலவைக்கடையில் ஒரு பேனாவை விட்டுவிட்டேன். ஒரு மெஷின் துணி மொத்தமும் நீலம். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படி ஆனதில்லை. முதலாளி திட்டக்கூட இல்லை. "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். அது திட்டை விடக் கஷ்டமாக இருந்தது.

குருவியிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வேன்?

மார்ச் 23, ஞாயிறு

அவளே கூப்பிட்டாள்.

"என்ன அத்தை, இந்த வாரம் ஒண்ணுமே கெட்டுப்போகலையா?"

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். மூக்கைச் சிந்திச் சிந்தி எல்லாவற்றையும் கொட்டினேன். முடித்ததும் அவள் குரல் மாறிவிட்டது, ஆபீஸ் குரல். அந்தக் கம்ப்யூட்டரைத் திரும்பப் போடாதே, நாளைக்கு ரிப்பேர் கடையில் கொடுத்துச் சுத்தம் பண்ணு, பேங்க்குக்கு இப்பவே போன் போடு என்றாள். போட்டேன். பணம் எங்கேயும் போகவில்லை. பாஸ்வேர்டை மாற்றியாயிற்று. ஆண்டவன் காப்பாற்றினான். நான் கேட்ட வரத்தைக் கொடுத்ததும் அவன்தான், அதை இப்போது பேச வேண்டாம்.

திரும்பக் கூப்பிட்டாள்.

"என்னை ஏன் கூப்பிடல?"

"நீதானே கூப்பிடாதன்னே."

மூக்கை உறிஞ்சினாள். சளிதான் என்று நினைத்தேன்.

"அவன் திருடன்னு எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"அவன் நேராப் போனான்டி. நீ நேராப் போவியா? ஒரு இடத்துக்குப் போறதுக்குள்ள ஒன்பது இடத்துல கொத்துவே."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். அது சளி இல்லை.

"சவுண்டைக் குறைச்சது நீதான்னு எனக்குத் தெரியும் அத்தை. எழுத்தைப் பெருசாக்கினது, போன மாசம் திரையைத் தலைகீழாத் திருப்பினது, எல்லாம் தெரியும்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "தெரிஞ்சுமா வந்தே?"

"நான் என்ன ரிப்பேர் பண்ணவா வந்தேன்? அந்தத் திரையில அப்பா படம் இருக்கு. நீ பாதி ஆடி விட்ட சீட்டாட்டம் இருக்கு. வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அதான் அங்கேயே சுத்திட்டு இருப்பேன்."

யோசிக்கிறாள் என்றல்லவா நினைத்தேன், அம்பு சுற்றும்போது!

"அப்புறம் ஏன்டி வர வேண்டிய அவசியமே இல்லைன்னே? எனக்காகப் போடறேன்னே?"

"வேலை கூடிட்டே போகுது அத்தை. நிஜமா ஒண்ணு வர்ற அன்னிக்கு நான் போன் எடுக்க முடியாமப் போயிட்டா? அந்தப் பயத்துல எனக்குத் தூக்கமே வரல. அதுக்குத்தான்."

எனக்காக என்றால் இப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லையே, தாயே.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடையிலிருந்து கம்ப்யூட்டர் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்குகிற ஆன்டிவைரஸ் போடவில்லை. கம்ப்யூட்டர் கூடவே வந்த காவலே எனக்குப் போதும் என்று குருவியும் ஒத்துக்கொண்டாள். ஆனால் நிபந்தனை போட்டாள். அப்டேட் கேட்டால் உடனே கொடுக்க வேண்டும். கத்துகிற சிவப்பெழுத்து வந்தால் வயரைப் பிடுங்க வேண்டும் ("அதுல நீ எக்ஸ்பர்ட்" என்றாள், கொழுப்பு). படங்களையெல்லாம் தனியாக ஒரு பெட்டியில் நகல் எடுத்து வைக்க வேண்டும். யார் நம்பர் கேட்டாலும் சொல்லவே கூடாது.

"நீ கேட்டா?"

"நான் கேட்டாலும் முதல்ல போன் பண்ணிக் குரலைக் கேளு."

குரல் எதற்கு? நகர்ந்தால் எனக்குத் தெரியாதா? ஆனாலும் சரி என்றேன்.

இஸ்திரிக்காரரிடம் எல்லாம் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் இரண்டை எடுத்துவிட்டாராம். "ஒரு மாமியார் போதும்க்கா" என்றார்.

மே 7, புதன்

சத்தம் சரியாக இருக்கிறது. எழுத்து சரியாக இருக்கிறது. ஓரத்தில், காவல் விழித்திருக்கிறது என்று ஒரு பச்சை டிக். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, ஆனாலும் ஒன்றையும் தொடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, குருவி. நம்பரைச் சொல்லு என்றாள். ஒண்ணும் கெடலையேடி என்றேன். சொல்லு என்றாள். சொன்னேன், அனுமதியை அமுக்கினேன்.

அம்பு வந்தது. அண்ணன் படத்தை ஒரு சுற்று சுற்றியது. பச்சை டிக்கைக் கொத்திப் பார்த்தது. நான் வைத்திருக்கிற புதுப்பாட்டை ஒரு கொத்து, கரண்ட் பில்லை ஒரு கொத்து.

"என்ன பிரச்சனை அத்தை இங்க?"

"ஒரு பிரச்சனையும் இல்லை."

"நிஜமாவா?"

"சத்தியமா ஒண்ணும் இல்லைடி."

"அப்ப நேரம் நிறைய இருக்கு" என்று சீட்டாட்டத்தைத் திறந்தாள்.

கருப்பு எட்டுச் சீட்டின் மேல் சிவப்பு ஏழை வைக்கலாம் என்று நான் இழுத்தேன். அவள் இன்னொரு பக்கம் இழுத்தாள். ஒரே அம்பு, இரண்டு கை. நடுவில் அது கிடுகிடுவென்று நடுங்கியது.

"விடு அத்தை!"

"நீ விடுடி!"