பூட்டியிருந்த பின்கதவு

அக்கா,

இன்று காலை ஒரு கல்லூரித் திரைப்பட மன்றத்திலிருந்து சுவரொட்டி வந்தது. பிரித்தால் உங்கள் முதுகு. என் முதல் ஆவணப்படத்தைத் திரையிடுகிறார்களாம். வெந்து சுருங்கிய அந்தத் தோலின் மேலேயே என் பெயரைப் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். மை வாசம் இன்னும் போகவில்லை. நீங்கள் இறந்து மூன்று மாதம் ஆகிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கல்யாண வீடியோக்காரர் ஒருவரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு விருதுநகரிலிருந்து ஆமத்தூருக்கு பஸ் ஏறி வந்தேன். பட்டாசு ஆலை வெடித்தபோது அந்த அறையில் இருந்த ஐந்து பேரில் பிழைத்தவர் நீங்கள் மட்டும்தான். பேசச் சம்மதித்தீர்கள். ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

“மொகத்த எடுத்துக்கோங்க தம்பி. முதுக மட்டும் வேணாம். எம் மக பாத்தா தாங்க மாட்டா.”

சத்தியம் செய்தேன். ஏழு நாள் பேசினீர்கள். சீசன் நேரத்தில் கூடுதல் ஆட்களை உட்கார வைத்தது, வேலை நேரத்தில் யாரும் எழுந்து போகக் கூடாதென்று பின்கதவைப் பூட்டியது, தீப்பிடித்ததும் அந்தக் கதவில் போய் எல்லாரும் மோதியது என்று ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். பூட்டச் சொன்ன மேனேஜரின் பெயரையும் சொன்னீர்கள். விசாரணைக்கு வந்தவர்கள் எழுதிக்கொள்ள மறுத்த பெயர் அது.

ஏழாம் நாள் பக்கத்து வீட்டம்மா உங்கள் முதுகில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. நான் கேமராவை இயக்கினேன். வெளிச்சம் அழகாக விழுகிறதே என்று மகிழ்ந்தேன். அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கு அருவருப்பு தீரமாட்டேன் என்கிறது.

சென்னையில் படத்தைப் பார்த்த திரைத்துறைப் பெரிய மனிதர் ஒருவர், பேச்சு அதிகம், முதுகு போதும் என்றார். பேச்சை வெட்டினேன். கேசட்டுக்குத் தட்டுப்பாடு. உங்கள் பேச்சு இருந்த கேசட்டுகளின் மேலேயே அடுத்த படத்தை எடுத்தேன். முதுகுக்கு விருது கிடைத்தது.

விருதுநகரில் பாராட்டு விழா வைத்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்த மேடையேறியவர் அதே மேனேஜர். “நம்ம ஊருக்குப் பெருமை சேத்துட்டீக” என்றார். யாரென்று தெரிந்தும் குனிந்து கழுத்தை நீட்டினேன். நீங்கள் இரண்டாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

படம் ஓடியது. திரையில் உங்கள் முதுகு வந்ததும் மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். நீங்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசிவரை பார்த்தீர்கள். வாசலில் என்னைத் திட்டுவீர்கள் என்று பயந்தேன். அந்தக் காட்சி இல்லாவிட்டால் யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று நானாகவே முந்திக்கொண்டு சொன்னேன்.

“அது கெடக்கட்டும். கதவ யாரு பூட்டச் சொன்னதுன்னு சொன்னேன்ல தம்பி, அது எங்க?”

நேரம் போதவில்லை என்றேன். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மகளைத் தேடிப் போனீர்கள். அதன் பிறகு ஆமத்தூர்ப் பக்கம் போக எனக்கு முகமில்லை. ஆனால் அந்தப் படத்தைக் காட்டித்தான் அடுத்தடுத்த பட வாய்ப்புகளை வாங்கினேன்.

இனி அதைத் திரையிட வேண்டாம் என்று இன்று அந்த மாணவர்களுக்கு எழுதிவிட்டேன். எத்தனை பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றனவோ தெரியாது. சாத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்து, நீங்கள் சொன்னதையெல்லாம் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, சொன்ன அம்மா வந்து சொல்வார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பதிவு ஏதாவது இருக்கிறதா என்றார்.

அந்தப் பெயரை உங்கள் குரலில் பதிவு செய்தவன் நான் ஒருவன்தான். அந்தக் குரலை அழித்தவனும் நான்தான்.